ஸ்கிரிப்ட் வராத காலையிலும் நடந்த பதிவு: ஒரு தமிழ் வாசிப்புக் குழுவின் இணையத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குழு, ஆசிரியை, மாணவர், பெற்றோர் எவருடைய பெயரையும் நான் குறிப்பிடவில்லை. குழுவின் ஒப்புதலோடு எழுதுகிறேன். நான் அங்கே தொண்டூழியர். பகலில் இணைய மென்பொருள் எழுதுவது தொழில். கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவை, தவறானவையும் சேர்த்து, நான் எடுத்தவை.

பின்னணி

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 முதல் 4 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ்க் கதை வாசிப்பு அமர்வுகள் நடத்தும் சிறு குழு இது. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது தமிழைக் காதால் கேட்டு வாயால் பேச வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. தோ பாயோ, ஈசூன், உட்லண்ட்ஸ், பொங்கோல் என்று சமூக மன்றமோ நூலகமோ எங்கே அறை கிடைக்கிறதோ அங்கே அமர்வு நடக்கும். பள்ளி ஆண்டுக்கு 4 தவணைகள். தவணைக்கு ஏறத்தாழ 40 அமர்வுகள், ஓர் அமர்வுக்கு 12 பிள்ளைகள். தவணை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை காலை 9 மணிக்கு இணையத்தளத்தில் பதிவு திறக்கும். வீட்டுக்கு அருகில் உள்ள இடங்கள் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

அந்தத் தளத்தைப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் தம் விடுமுறையில் கட்டிக் கொடுத்திருந்தார். பார்க்க அழகாக இருக்கும். நாட்காட்டி வழுக்கிக்கொண்டு நகரும், அமர்வுகள் அட்டைகளாகப் புரளும். ஆனால் சர்வர் அனுப்பியது ஏறக்குறைய ஒரு வெற்றுப் பக்கம். தலைப்பு, பட்டியல், படிவம் எல்லாவற்றையும் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் (சுருக்கமாக ஸ்கிரிப்ட்) என்ற நிரல்தான் எழுதியது. அவரைக் குறை சொல்ல முடியாது. பாடத்தில் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள், குழுவில் நாங்கள் யாரும் வேறு எதையும் கேட்கவில்லை.

கண்டது

ஒரு பதிவு நாளில் 9 மணிக்கே அழைப்புகள் வரத் தொடங்கின. பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்றார்கள் சிலர். நாட்காட்டிக்கான ஸ்கிரிப்டை நாங்கள் வெளியே வேறொரு சேவையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தோம். அன்று அது தாமதமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அது வராவிட்டால் அதன் பின்னால் நின்ற எங்கள் ஸ்கிரிப்டும் ஓடாது. ஒரு தந்தை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கிக்குள் நின்றபடி பக்கத்தைத் திறந்திருக்கிறார். கதவு மூடியதும் அலைவரிசை அறுந்தது. கீழே இறங்கியபின்னும் வெள்ளைப் பக்கம்தான் தெரிந்ததாம், வேறு ஒன்றும் இல்லை. அவர் இன்னொரு முறை திறப்பதற்குள் அவர் கேட்ட அமர்வு நிரம்பிவிட்டது.

பக்கத்தில் ஒரு 'நோஸ்கிரிப்ட்' செய்தி இருந்தது: 'ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்.' இவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரியவும் தெரியாது. உலாவியில் ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே நோஸ்கிரிப்ட் காட்டப்படும். ஸ்கிரிப்ட் இயங்கும் நிலையில் இருந்து, கோப்பு மட்டும் வந்து சேரவில்லை என்றால் உலாவி அதைக் காட்டாது.

அன்று மாலை வந்த அழைப்பு வேறு வகை. எங்களோடு அமர்வு நடத்தும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். கண்ணழுத்த நோயால் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துகிறார்: மடிக்கணினியில் இலவசமான என்விடிஏ, கைத்தொலைபேசியில் டாக்பேக். தம் பேத்தியைப் பதிவு செய்ய முயன்றிருக்கிறார். அவருக்குப் பக்கம் முழுதாக வந்திருந்தது.

"தம்பி, பட்டன் எங்க இருக்கு? எனக்கு கிளிக்கபிள், கிளிக்கபிள்னு மட்டும் சொல்லுது. எதைன்னு சொல்ல மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடிக்கணினித் திரை இருட்டாக இருந்தது. அவருக்கு அது வேண்டியதில்லை. என்னால் பின்தொடர முடியாத வேகத்தில் குரல் ஓடியது. தலைப்புகளைத் தாவ 'எச்' விசையைத் தட்டினார்: அடுத்த தலைப்பு இல்லை. பொத்தானுக்கு 'பி' தட்டினார்: அடுத்த பொத்தான் இல்லை. எங்கள் 'பதிவு செய்க' பொத்தான் கண்ணுக்குத்தான் பொத்தான். பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறிமொழியில் அது நிறம் பூசிய ஒரு 'டிவ்', அதாவது வெறும் பெட்டி. டேப் விசை அதில் நிற்காது, என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. இன்னொன்றையும் அங்கேதான் கண்டேன். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. என்விடிஏ அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் குரலை மாற்றும். அதனால் முழுக்கத் தமிழில் இருந்த பக்கத்தை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்திருந்தோம். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவர், தமிழ் வாசிப்பு வகுப்புக்கான பக்கத்தில் தமிழைக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் முடிவு: எல்லாவற்றையும் எடுத்துவிடுவது

நான் அப்போது சொன்ன தீர்வு எளிது: ஸ்கிரிப்டே வேண்டாம். 1999 மே மாதம் வெளிவந்த முதல் டபிள்யூசிஏஜி (உடற்குறை உள்ளவர்களுக்கும் இணையப் பக்கங்கள் எட்டுவதற்கான அணுகல் வழிகாட்டி), ஸ்கிரிப்டை அணைத்தாலும் பக்கம் பயன்பட வேண்டும் என்று கேட்டது. அதைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். இரண்டு வார இறுதிகளில் தளத்தை வெறும் எச்டிஎம்எல்லாகத் திரும்ப எழுதினேன். பட்டியலைச் சர்வரே எழுதி அனுப்பியது. மொழிக் குறிப்பு தமிழ் என்று மாறியது. பொத்தான் பொத்தானாக ஆனது. ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வந்தது.

அடுத்த தவணையில் வெள்ளைப் பக்கம் பற்றி ஓர் அழைப்பும் வரவில்லை. முதல் முறையாக ஆசிரியை தாமே பதிவு செய்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பதிவு நாள் கழிந்து ஒரு வாரத்தில் அவர் மீண்டும் அழைத்தார். புகார் என்று சொல்ல முடியாது, நிதானமாகத்தான் பேசினார். "முன்னாடி கதவு பூட்டியிருந்துச்சு. இப்ப திறந்திருக்கு தம்பி. ஆனா ஒவ்வொரு தடவையும் புளோக் வாசல்லேர்ந்து நடந்து வரணும்."

அவர் சொன்னது இதுதான். வட்டாரத்தைத் தேர்ந்து 'வடிகட்டு' பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுக்கப் புதிதாக வருகிறது. திரைவாசிப்பான் மேலிருந்து தொடங்குகிறது: தளத்தின் பெயர், பட்டியில் உள்ள 7 இணைப்புகள், அறிவிப்பு, பிறகுதான் அமர்வுகள். வகுப்பு நிலையை மாற்றினால் மறுபடி அதே 7 இணைப்புகள். தலைப்புக்குத் தாவலாம்தான், ஆனால் எந்தத் தலைப்பு என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். கண்ணால் பார்க்கும் எனக்கு அந்தப் புதுப்பிப்பு ஒரு விநாடி மினுக்கல். அவருக்கு அது மொத்தப் பயணம்.

மற்றப் பெற்றோருக்கும் சங்கடம் இருந்தது. படிவத்தில் 9 பெட்டிகள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிய பிறகுதான் 'இந்த அமர்வு நிரம்பிவிட்டது' என்று தெரியவரும். கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டிய ஒரு தாய், மூன்று முறை அப்படித் திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொன்னார்.

ஸ்கிரிப்ட் இல்லாத பக்கம் என்றாலே எல்லோருக்கும் எட்டும் பக்கம் என்று நான் எண்ணியது தவறு. 2008 டிசம்பரில் வந்த டபிள்யூசிஏஜி 2.0 அந்தப் பழைய நிபந்தனையை விட்டுவிட்டது. ஸ்கிரிப்ட் இருக்கலாம், அதனால் விளைவது விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் எட்டுகிறதா என்றுதான் அது கேட்கிறது. இரண்டையும் படித்திருந்தேன். அவசரத்தில் பழையதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முடிவு: அடித்தளம் அப்படியே, மேலே ஒவ்வொன்றாக

குழுவில் இதைப் பேசும்போது ஒருங்கிணைப்பாளர் அக்கா நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்கிரிப்டை அணைச்சு வச்சிருக்கவங்க எத்தனை பேர் தம்பி? அவங்களுக்காக இவ்வளவு உழைப்பா?" பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைக் குழு 2013இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. அவர்கள் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு ஸ்கிரிப்ட் இயங்கவில்லை. ஸ்கிரிப்டை அணைத்தவர்கள், அல்லது அதை ஏற்காத உலாவி வைத்திருந்தவர்கள், அதில் 0.2 மட்டுமே. மீதி 0.9 விழுக்காட்டினருக்கு ஸ்கிரிப்ட் வந்திருக்க வேண்டும், எதனாலோ வந்து சேரவில்லை. நம் மின்தூக்கித் தந்தை அந்த 0.9இல் ஒருவர் என்று சொன்னேன். நாளைக்கு அக்காவே அந்த இடத்தில் இருக்கலாம். அதன்பின் கேள்வி 'அவர்களுக்காகவா' என்பதிலிருந்து 'எதை முதலில்' என்று மாறியது.

2003இல் ஸ்டீவ் சாம்பியனும் நிக் ஃபிங்கும் 'புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்று பெயரிட்ட முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். முதலில் வெறும் குறிமொழியில் முழு வேலையும் நடக்க வேண்டும். பிறகு ஸ்கிரிப்ட் வந்தால் அதே வேலை இலகுவாக வேண்டும். நான் இதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். ஒவ்வொரு சேர்க்கையையும் இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும்: ஸ்கிரிப்ட் கோப்பைத் தடுத்துவிட்டு ஒரு முறை, ஸ்கிரிப்ட் ஓடும்போது ஆசிரியையின் கணினியில் ஒரு முறை. முதல் சோதனையை நானே செய்துகொள்ளலாம். இரண்டாவதை என்னால் செய்ய முடியாது. என்விடிஏவை நிறுவிக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது வேறு, அதையே நாள் முழுதும் வாழ்பவர் தட்டுவது வேறு.

மூன்று சேர்க்கைகளை ஏற்றோம்: பக்கம் புதுப்பிக்காமல் வடிகட்டுவது, அமர்வைத் தேர்ந்ததுமே இடம் இருக்கிறதா என்று காட்டுவது, அனுப்பும் முன் பிழைகளைச் சுட்டுவது. இரண்டை மறுத்தோம். பாதி நிரப்பிய படிவத்தை உலாவியில் சேமித்து வைக்கலாம் என்றார் மாணவர். எங்கள் பெற்றோரில் சிலர் நூலகத்தின் பொதுக் கணினியில் பதிவு செய்கிறார்கள். பிள்ளையின் பெயரும் வயதும் அங்கே தங்கிவிடக் கூடாது. இன்னொன்று, இடத்தை 5 நிமிடம் பிடித்து வைத்துக் கடிகாரம் ஓட விடுவது. மெதுவாகத் தட்டுபவருக்கும் கேட்டுக் கேட்டு நிரப்புபவருக்கும் அது தண்டனை. நேரக் கெடு வைத்தால் அதை நீட்டிக்க வழி தர வேண்டும் என்று டபிள்யூசிஏஜியும் சொல்கிறது. வழி தருவதைவிடக் கெடுவையே வைக்காமல் விடுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

மாணவரையே அழைத்துச் சேர்ந்து எழுதினோம். வெளியிலிருந்து எதையும் இழுக்கவில்லை. எல்லாம் எங்கள் சர்வரில் ஒரே சிறு கோப்பு. அதை 'மாட்யூல்' வகையாகக் குறித்தோம். பழைய உலாவிகள் அதைத் தொடாமல் விட்டுவிடும், அவற்றுக்கு வெறும் பக்கமே போதும்.

இதிலும் முதலில் சறுக்கினோம். வடிகட்டல் தானாக நடப்பதால் 'வடிகட்டு' பொத்தான் தேவையில்லை என்று, பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு வரி எழுதி 'ஸ்கிரிப்ட் உண்டு' என்ற அடையாளப் பெயரை ('கிளாஸ்') பக்கத்தில் ஒட்டி, தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் பொத்தானை மறைத்தோம். பரவலாக உள்ள பழக்கம்தான் இது. முதன்மைக் கோப்பைத் தடுத்துச் சோதித்தபோது பொத்தானும் இல்லை, தானாக நடக்கும் வடிகட்டலும் இல்லை. தலைப்பகுதி வரி ஓடிவிட்டது, வேலை செய்ய வேண்டிய கோப்பு வரவில்லை. வருவேன் என்று சொன்னவரை நம்பி இருந்ததையும் எடுத்து வைத்துவிட்டோம். பிறகு அந்த அடையாளப் பெயரை ஒட்டும் வேலையைக் கோப்பின் கடைசி வரிக்குக் கொண்டுபோனோம். மற்ற எல்லாம் பிழையின்றி அமைந்த பிறகே பொத்தான் மறையும். அதேபோல் ஸ்கிரிப்ட் இருந்தால் மட்டுமே பயன்படும் 'தேடலை அழி' போன்ற பொத்தான்களை ஸ்கிரிப்டே உருவாக்கியது. அது வராவிட்டால், அழுத்தினாலும் அசையாத பொத்தான் என்று ஒன்று பக்கத்தில் இருக்காது.

தேடல் பெட்டியில் தமிழ்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் நான் இதைப் பார்த்ததில்லை.

வடிகட்டலோடு ஒரு தேடல் பெட்டியும் வைத்தோம். ஒவ்வொரு விசைக்கும் பட்டியல் சுருங்கும், எத்தனை அமர்வுகள் மீதி என்பதைத் திரைவாசிப்பான் அறிவிக்கும். ஆசிரியை அதில் 'தோ பாயோ' என்று தட்டத் தொடங்கினார். அவர் அஞ்சல் முறையில் தட்டுபவர். ஒலிப்படி ஆங்கில எழுத்துகளைத் தட்டத் தட்டத் தமிழ் எழுத்து உருமாறிக்கொண்டே வரும். முதலில் 'த்' வந்தது. 'புத்தகம்', 'முத்து' என்று பெயரில் 'த்' உள்ள அமர்வுகளை எங்கள் ஸ்கிரிப்ட் பொறுக்கியது. 'ஒன்பது அமர்வுகள்' என்றது குரல். அடுத்த விசையில் 'தொ' ஆனது. எல்லா வரியிலும் 'தொடக்கநிலை' என்ற சொல் இருக்கிறது. 'நாற்பது அமர்வுகள்.' அடுத்த விசையில் 'தோ' ஆனது. 'பூஜ்யம் அமர்வுகள்.'

அவர் கையை எடுத்துவிட்டார். "தோ பாயோல வகுப்பே இல்லையா? நானே அங்கதானே எடுக்கறேன்."

இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. முதலாவது, எழுத்து முடிவதற்குள் நாங்கள் விடை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு விசை ஓர் எழுத்து என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. சில தட்டச்சுமுறைகள் எழுத்து அமைந்து முடிந்ததை உலாவிக்குத் தெரிவிக்கும், சில தெரிவிக்காது. அதனால் அந்த அறிவிப்பு வந்தால் அதற்குக் காத்திருந்து, அதன் பிறகும் ஏறத்தாழ ஒரு விநாடி விரல் ஓய்ந்த பின்பே பட்டியலைச் சுருக்குமாறு மாற்றினோம். குரல் அறிவிப்பு ஒன்றே ஒன்று, எண்ணிக்கை மட்டும். பார்வையாளரின் இடத்தைத் தேடல் பெட்டியிலிருந்து நகர்த்துவதில்லை.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் 'ோ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ே', 'ா' என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிடும்போது அவை வேறு வேறு. எங்கள் அமர்வுப் பட்டியலில் இடப்பெயர்கள் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றி ஒட்டப்பட்டவை, அவை எல்லாம் பிரிந்த வடிவம். ஆசிரியையின் விசைப்பலகை தந்தது சேர்ந்த வடிவம். 'தோ பாயோ' என்ற பெயரில் அந்தக் குறி இரண்டு முறை வருகிறது. நான் சோதித்தபோதெல்லாம் 'ஈசூன்' என்றே தட்டியிருந்தேன். அதில் 'ொ', 'ோ', 'ௌ' எதுவும் இல்லை. சரிசெய்தது ஒரே வரி: ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் 'நார்மலைஸ்' செயல்பாட்டால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. சர்வரிலும் அதையே செய்தோம். இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடும்போது ஒரு விடையும் ஓடாதபோது வேறொரு விடையும் வந்திருக்கும்.

பிழைச் செய்திகளும் இடநிலவரமும்

படிவத்தில் நாங்கள் முதலில் வைத்தது முனைப்பான சோதனை. ஒரு பெட்டியைத் தவறாக விட்டு நகர்ந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே திரும்ப இழுத்து வரும். ஆசிரியை தொலைபேசி எண் பெட்டியைக் கேட்டுவிட்டு, முதலில் படிவம் முழுவதையும் ஒரு முறை கேட்போம் என்று டேப் தட்டினார். இழுத்துக்கொண்டு வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி வந்தது. அவர் எப்போதும் அப்படித்தான் படிவங்களை அணுகுகிறார்: முதல் சுற்றில் கேட்பார், இரண்டாம் சுற்றில் நிரப்புவார். அந்த உரிமையை நாங்கள் பறித்திருந்தோம். அன்றே அதை எடுத்துவிட்டோம்.

இப்போது அனுப்பும்போது மட்டுமே சோதனை. பிழை இருந்தால் மேலே ஒரு பட்டியல் வரும், விசைப்பலகைக் கவனம் அதன் தலைப்புக்குப் போகும், ஒவ்வொரு பிழையும் உரிய பெட்டிக்கு இணைப்பாக இருக்கும். சர்வர் திருப்பி அனுப்பும் பக்கத்திலும் அதே பட்டியல், அதே சொற்கள். உலாவியின் சொந்தச் சோதனையை அணைப்பதைக்கூட ஸ்கிரிப்ட் வழியேதான் செய்கிறோம். ஸ்கிரிப்ட் வராதபோது உலாவியாவது சொல்லட்டும்.

இடநிலவரத்தில் கற்றுக்கொண்டது ஒன்று. 'இந்த அமர்வில் 3 இடங்கள் உள்ளன' என்ற செய்தியை, அதைத் தாங்கும் பெட்டியோடு சேர்த்தே ஸ்கிரிப்ட் புதிதாகச் செருகியது. குரல் சில நேரம் சொன்னது, சில நேரம் சொல்லவில்லை. காலியான அறிவிப்புப் பெட்டி பக்கத்தில் முதலிலிருந்தே இருந்து, சொற்கள் மட்டும் பிறகு வந்தால்தான் திரைவாசிப்பான்கள் நம்பகமாக அறிவிக்கின்றன. சர்வர் 5 விநாடிக்குள் பதில் தராவிட்டால் ஸ்கிரிப்ட் பேசாமல் இருந்துவிடும். இடம் உண்டா என்ற இறுதிச் சோதனை எப்படியும் அனுப்பும்போது நடக்கும்.

பதிவு நாள்

புதிய அமைப்போடு வந்த முதல் சனிக்கிழமை. 9 மணிக்கு நானும் மாணவரும் ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தோம். அழைப்பு எதுவும் வரவில்லை. பதிவுகள் வரிசையாக வந்தன. ஆசிரியை 9.10க்கெல்லாம் 'முடிஞ்சுது' என்று வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினார்.

9.40 அளவில் சர்வர் பதிவேட்டைப் பார்த்த மாணவர் முகம் மாறியது. வடிகட்டல்கள் எல்லாம் முழுப் பக்கக் கோரிக்கைகளாக வந்துகொண்டிருந்தன. ஸ்கிரிப்ட் அனுப்பும் சிறு கோரிக்கை ஒன்றுகூட இல்லை. முந்திய இரவு கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணை நான் மாற்றியிருந்தேன், பக்கத்தில் மாற்றவில்லை. திறந்த நேரம் முதல் ஒருவருக்கும் ஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அந்த 40 நிமிடமும் வெறும் பக்கம்தான் பதிவுகளை ஏற்றுக்கொண்டிருந்தது. பெயரைத் திருத்தினோம். அடுத்த நிமிடத்திலிருந்து சிறு கோரிக்கைகள் வரத் தொடங்கின.

மாலையில் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். காலையில் பழையபடி மேலிருந்து வாசித்ததை அவர் கவனித்திருந்தார். "ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. ஆனா வேலை நடந்துச்சு, அதான் உங்கள தொந்தரவு பண்ணல" என்றார்.

இனி மாற்ற நினைப்பவை

ஆசிரியையை நாங்கள் ஒவ்வொரு முறையும் எழுதி முடித்த பிறகே அழைத்தோம். படிவத்தை இரண்டு சுற்றாக அணுகுகிறார் என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்த இழுத்துவரும் சோதனையை எழுதியே இருக்க மாட்டோம். அடுத்த வேலையில் அவர் முதல் நாளே மேசையில் இருப்பார். அவருடைய நேரத்துக்குக் குழு ஒரு மதிப்பூதியம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் மறுக்கிறார். நான் விடுவதாக இல்லை.

ஸ்கிரிப்ட் வந்து சேராததைப் பதிவேட்டைத் தற்செயலாகப் பார்த்ததால்தான் கண்டுபிடித்தோம். அடித்தளம் உறுதியாக இருப்பதில் இப்படி ஓர் ஆபத்தும் உண்டு: மேல்தளம் இடிந்தாலும் சத்தம் கேட்காது. ஸ்கிரிப்ட் கோரிக்கை பத்து நிமிடம் வராவிட்டால் எங்களுக்குக் குறுஞ்செய்தி வரும்படி இப்போது அமைத்துவிட்டோம். அவருக்கு அந்தக் காலை சற்று நீண்டுபோனதற்கு என் கவனக்குறைவுதான் காரணம்.

எங்கள் சோதனை பெரும்பாலும் மடிக்கணினியில் நடந்தது. கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள், விரல் நடுக்கம் உள்ள தாத்தா பாட்டிகள் எங்கள் பெற்றோர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் உட்காரவில்லை. பொத்தான்களின் அளவு, 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் 24 பிக்சல் அளவைத் தாண்டியே இருக்கிறது. நடுங்கும் விரலுக்கு அது போதுமா என்பதை அந்த விரல்தான் சொல்ல வேண்டும்.

காத்திருப்புப் பட்டியல் பக்கம் மட்டும் இன்னும் பழையபடியே உள்ளது. உங்கள் வரிசை எண்ணைப் பார்க்க 'புதுப்பி' என்ற இணைப்பை நீங்களே அழுத்த வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே மாறும்படி மாணவர் எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியையிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது பேசிக்கிட்டே இருக்கும்ல. வேணும்னா நானே கேட்டுக்கறேன், இப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டிருக்கிறோம்.